தலைவர் சொன்ன ஓம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளைகள். ஆறு பேருக்கும் வயிறு வாடாமல் சோறு போட்டேன், ஆறு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எனக்கு எழுத்து என்றால் என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயரைக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் இல்லை. ஆனால் ஆட்களை வாசிப்பேன். அதில் நான் பிழைவிட்டது குறைவு.

எங்கள் ஒழுங்கையில், இந்த வேலியோரச் சின்னத் தெருவில், ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். எல்லோரும் தலைவர் என்றுதான் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ ஆறு மாதம் கிராமச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ஏழாம் மாதம் கூட்டம் போட்டு மாற்றிவிட்டார்கள். பதவி போனது, பட்டம் போகவில்லை. போக விடவும் இல்லை. யாராவது புது ஆள் ஒழுங்கைக்கு வந்தால், தானே வேலியருகில் நின்று, "இஞ்ச தலைவர் வீடு எண்டு கேட்டால் காட்டுவினம்" என்பார். கேட்காத ஆளுக்கும் சொல்வார்.

அவர் யாழ்ப்பாணப் பக்கம், கடற்கரை ஊர். வயல் காணி கிடைத்து நெளுக்குளத்துக்கு வந்தவர். நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கலவரத்துக்குப் பிறகு ஒரு லொறியில் சட்டி பானையோடு வந்து இறங்கினோம். என் பிள்ளைகள் இந்த மண்ணின் பேச்சைப் பேசுவார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாக்கு தோட்டத்திலேயே நின்றுவிட்டது. தலைவருக்கு அது ஒரு பெரிய பகிடி. நான் "வாங்க, போங்க" என்றால், "உங்கட ஆக்கள் தமிழைக் கழுவிக் காயப்போட்டுக் கதைக்கிறியள்" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். தமிழ் என்ன அவருடைய வயலா?

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை, அதனால் வியாதி என்கிறேன். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றுவார். சால்வை நுனியால் துடைப்பார். திரும்பப் போட்டுக்கொண்டு, "ஓம், அதில ஒரு சூட்சுமம் இருக்கு" என்பார். நாங்கள் 'ஆமா' என்பதுதான் அவருக்கு 'ஓம்'. சூட்சுமம் என்ன என்று கடைசிவரை சொல்லமாட்டார். ஆனால் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுவார்.

நாங்கள் வந்த புதிதில் காணி விசயமாக ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். என் வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனார். தலைவர் கடிதத்தைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார், உதட்டை அசைத்தார். "ஓம். காணி உங்களுக்குத்தான். பேசாமல் இருக்கச் சொல்லிக் கிடக்கு" என்றார். நாங்களும் பேசாமல் இருந்தோம். அந்தக் கடிதத்தில் இருந்தது, இன்ன நாள் காகிதங்களோடு நேரில் வா என்று. வராதவர்களின் பெயரை வெட்டிவிட்டார்கள். அந்தப் பெயரைத் திரும்ப ஏற்ற என் வீட்டுக்காரர் ஏழு வருடம் நடந்தார். தலைவரிடம் கேட்டபோது, "அவங்கள் பிறகு மாத்தியிருப்பாங்கள்" என்றார். சிங்களத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத மனிதர்!

இன்னொரு நாள் என் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. தலைவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். "ஓம், அம்மாள் வருத்தம். வேப்பிலை கட்டு, முழுக வாக்காதை" என்றார். மூன்று நாள் பிள்ளையை இருட்டறையில் வேப்பிலைக்குள் படுக்க வைத்தேன். நாலாம் நாள் அவளுடைய சட்டையை உதறினால் உள்ளே மயிர்க்கொட்டி. முருங்கையில் இருக்குமே, அந்தப் புழு. மூன்று நாளும் நான் அந்தச் சட்டையையே மாட்டிவிட்டிருக்கிறேன். போய்ச் சொன்னேன். "ஓம் தங்கச்சி, மயிர்க்கொட்டியாலயும் அம்மாள் வரும்" என்றார். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார்.

சண்டைக் காலத்தில் அவர் எங்கள் ஒழுங்கையில் மாதத்துக்கு ஒரு தடவை சண்டையை முடித்து வைத்தார். "இன்னும் ரெண்டு கிழமை. பிறகு பாருங்கோ" என்பார். அவரை நம்பி, சண்டை எல்லையாக இருந்த ஓமந்தைக்கு அங்கால் போய் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் திரும்பி வரமுடியாமல் கிடந்த குடும்பம் இருக்கிறது.

அவருடைய பெண்சாதி நல்லவ. ஒருநாள் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு எனக்குச் சொன்னா: "இந்த மனிசன் நித்திரையிலயும் ஓம் எண்டுதான் சொல்லும். என்னப்பா கேட்டவங்கள் எண்டால், அதுக்கும் ஓம்."

இப்படிப்பட்டவரை நம்பி ஏன் கடலுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். நம்பிப் போகவில்லை. வழியில்லாமல் போனேன்.

என் வீட்டுக்காரர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்து போனவர். கிடக்கும்போது ஒரே ஒன்றுதான் கேட்டார். "என்னைய ஆத்துல கரைச்சிறாத. கடல்ல விடு. எங்க பாட்டன் அந்த வழியாத்தான் வந்தாரு. நான் அதைக் கண்ணால பார்த்ததே இல்ல." இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பாட்டன். அவரைப் பற்றி இவருக்குத் தெரிந்ததும் அந்தக் கப்பல் ஒன்றுதான். நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். ஐம்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர் என்னிடம் ஒரு சேலை நிறத்தைக்கூட இப்படித்தான் வேண்டும் என்று கேட்டதில்லை. இதைக் கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கடல் தெரியாது. குளம் தெரியும், வாய்க்கால் தெரியும். முல்லைத்தீவுக் கடலுக்குப் போகலாம் என்றான் என் மூத்தவன். தலைவர் செத்தவீட்டுக் கதிரையில் இருந்துகொண்டே கண்ணாடியைக் கழற்றினார்.

"அது சரிவராது தம்பி. அது திரும்பித் தாற கடல். திருகோணமலைப் பக்கம் ஒரு இடம் இருக்கு. மேல காட்டு மலை, கீழ கடல். கால் வைச்சால் ஆழம். விட்டது விட்டதுதான். நான் எத்தினை தரம் போனனான்! வானும் மருமோன்ர இருக்கு. நானும் வாறன்."

கேட்காமலே வந்தார். அறுவடைக் காலம், வேறு ஆண்கள் இல்லை. நானும் சரி என்றேன்.

ஹொரவப்பொத்தானைப் பாதையால் போனோம். நான், மூத்தவன், மகள், தலைவர், வானை ஓட்டிய அவருடைய மருமகன். அவருடைய சாம்பல் இருந்த முட்டி என் மடியில். வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. திருகோணமலை கழிந்த பிறகு மூன்று தடவை பிழையான ஒழுங்கைக்குள் இறங்கினோம். ஒன்று ஒரு வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது. அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தவ கத்தியோடு எழும்பிவிட்டா.

"மாமா, ஆரிட்டயும் கேட்டுப் பாப்பமே?" என்றான் வான் ஓட்டியவன்.

"என்னத்தைக் கேக்கிறது? பின்னுக்கு எடு. இது மற்றப் பக்கத்துப் பாதை."

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதர் இங்கே ஒருநாளும் வந்ததில்லை. என் மகள் என் தொடையைக் கிள்ளினாள். நான் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் இடம் வந்தது. அவர் கண்டுபிடிக்கவில்லை, பாதைதான் அங்கே போய் முடிந்தது. வானையும் ஓட்டியவனையும் மேலேயே விட்டுவிட்டு மரங்களுக்குள்ளால் இறங்கவேண்டும். மலை கடலுக்குள் கால் நீட்டியது மாதிரி இருந்தது. மேலெல்லாம் பாலை, வீரை மரங்கள் அடர்ந்த காடு. கீழே வளைவாக ஒரு துண்டு மணல். இறங்கும்போது தலைவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"தங்கச்சி, மலையில இறங்கேக்க குதியை ஊண்டக் கூடாது. முன்காலை ஊண்டவேணும்."

கொழுந்துக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்க, மழையில், பதினைந்து வருடம் மலையில் ஏறி இறங்கியவள் நான். அவர்தான் இரண்டு தடவை இருந்த இருப்பில் வழுக்கிக்கொண்டு போனார்.

கீழே போனதும் மலையோரமாக நிழல் இருந்த இடத்தில் சாமான்களை வைக்கச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் பாறையில் பாசி இல்லை. கீழே கிடந்த கற்கள் புதுக்கற்கள்.

"அங்க உக்காராதீங்க தலைவரையா. கல்லு உதிர்ற எடம்."

"ஓம், அதில ஒரு சூட்சுமம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தார். தேசிக்காய் அளவில் ஒரு கல் வந்து தேத்தண்ணிப் போத்தலை உடைத்தது. "குரங்கு எறியுது" என்றார். குரங்கு இருந்ததும் உண்மைதான். மேலே ஒரு கூட்டம் கிளைகளில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பாவம், அதுகளுக்கு அந்தப் போத்தலோடு ஒரு கோபமும் இல்லை.

பூசாரி எங்களுக்கு வீட்டிலேயே எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். கொள்ளி வைத்தவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்து நிற்கவேண்டும். முட்டியைத் தலைக்கு மேலால் பின்பக்கமாக விடவேண்டும். விட்டபிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வரவேண்டும். வீட்டு ஆட்கள் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் போகிறவருக்குக் கால் பின்னும். இரத்த உறவு இல்லாத ஒருவர் மட்டும் பக்கத்தில் நிற்கலாம், பார்க்கலாம்.

இரத்த உறவு இல்லாத ஒருவர் என்றால் அங்கே தலைவர்தான்.

மூத்தவன் வேட்டியை மடித்துக் கட்டும்போது, ஓரமாக விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மனுசி கிட்ட வந்தா. முட்டியைப் பார்த்தா. "அம்மா, இஞ்சையே போடப் போறியள்? இந்தக் காத்துக்கு எல்லாம் திரும்பிக் கரைக்கு வரும். போன கிழமையும் ரெண்டு முட்டி இந்த மணலில உருண்டு கிடந்தது. அந்தா, மலை மூக்குக் கல்லுத் தெரியுது, அதில ஏறி நிண்டு போட்டால்தான் வெளியால போகும்" என்றா.

நான் தலைவர் பக்கம் திரும்பினேன்.

"தலைவரையா, இந்தம்மா சொல்றதக் கேளுங்க."

அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்தார். "உவைக்கு என்ன தெரியும்? நான் கடலில பிறந்தனான். இது வெளியால இழுக்கிற நேரம். தம்பி, நீர் இறங்கும். நேரம் போகுது."

மூக்குக் கல் வழுக்கும். அதில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பிள்ளை நிற்கவேண்டும். உச்சிக்கு முன் முடிக்கவேண்டும் என்று பூசாரியும் சொல்லியிருந்தார். இது இரண்டும் என் வாயைக் கட்டிவிட்டது. அந்த ஒரு நிமிடம் நான் பேசாமல் நின்றதற்கு இன்றைக்கும் என்னைத் திட்டுகிறேன்.

விறகு பொறுக்கினவ தலையை ஆட்டிவிட்டுக் காட்டுக்குள் ஏறிப் போய்விட்டா. மகனும் தலைவரும் தண்ணீருக்குள் போனார்கள். நானும் மகளும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றோம். முதுகுக்குப் பின்னால் அலைச் சத்தம். என் முன்னால் காடும் குரங்குகளும். மகன் "அப்பா" என்று ஒரு தடவை சொன்னது கேட்டது. பிறகு, தொப்பென்று ஒரு சத்தம். குரங்குகள் எல்லாம் எங்கள் தலைக்கு மேலால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். வாயில்லாச் சீவன்களின் முகத்தில் என் புருஷன் போகும் வழியைத் தேடினேன் என்றால் என் கதியைப் பாருங்கள்.

மகன் நனைந்த வேட்டியோடு எங்களைக் கடந்து நடந்தான். நாங்களும் பின்னால் நடந்தோம்.

"நடவுங்கோ, நடவுங்கோ. திரும்பாதேங்கோ" என்று தலைவரின் குரல் பின்னால் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும், "திரும்பாதேங்கோ!" இந்தத் தடவை கத்தினார். பிறகு அவருடைய சத்தமே இல்லை.

மேலே வந்து வானருகில் நின்றோம். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். வான் ஓட்டியவன் இறங்கிப் போய்ப் பார்க்க வெளிக்கிட்டான், அப்போது தலைவர் வந்தார். கழுத்துவரை நனைந்திருந்தார். கண்ணாடி இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளங்கை தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. மூச்சு இரைத்தது.

"போயிருச்சா?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. நேர போட்டுது."

"நீங்க ஏன் இப்பிடி நனைஞ்சிருக்கீங்க?"

"வந்தது வந்தனான், ஒரு முழுக்குப் போட்டன்."

முழுக்கா? எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் குளத்தில் விழுந்து குளிக்கும்போது, கிணற்றடியில் வாளியால் மட்டும் குளிக்கிறவர் அவர். கடலில் பிறந்தவருக்கு நீந்தத் தெரியாது என்று அவருடைய பெண்சாதியே எனக்குச் சொல்லியிருக்கிறா. கண்ணாடியோடா ஒருவர் முழுகுவார்?

திரும்பி இறங்கிப் பார்க்க என் கால் துடித்தது. மகன் என் கையைப் பிடித்தான். "அம்மா, திரும்பக் கூடாது." நான் வானில் ஏறினேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். முட்டி திரும்பி வந்திருக்கும், இந்த மனிதர் தன் பிழையை மறைக்க அதைத் தூக்கிக்கொண்டு, நீந்தத் தெரியாமல், அந்த மூக்குக் கல்லில் ஏறி, அதைக் கடலுக்கு அனுப்பியிருப்பார். இல்லையென்றால் அலை அவரை உருட்டியிருக்கும், முட்டி எங்கே போனதென்று பார்க்க அவருக்குக் கண்ணாடியும் இருந்திருக்காது, கரையில் கிடந்தாலும் கண்டிருக்க மாட்டார். முதலாவது என்றால் அவர் காலில் விழுவேன். இரண்டாவது என்றால் என் வாசற்படி மிதிக்க விடமாட்டேன். எது என்று சொல்ல அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

அவர் சொன்னார், சொல்லாமல் இருப்பாரா? ஒழுங்கை முழுக்கச் சொன்னார். தேத்தண்ணிக் கடையில், முட்டி கல்லுப்போல அடிக்குத் தாண்டது என்றார். கருமாதி அன்று என் வீட்டில், பந்தியில் இருந்துகொண்டு, அன்னம் மாதிரி மிதந்து மிதந்து கண்ணுக்கு மறைந்தது என்றார்.

"தாண்டுச்சா, மிதந்துச்சா?" என்றேன், சோற்று அகப்பையோடு.

"முதல் மிதந்தது. பிறகு தாண்டது."

"வாயில என்ன துணி கட்டியிருந்துச்சு?"

"சிவப்பு" என்றார். கேட்டவுடனே சொன்னார்.

அவர் இலையில் பாயசத்தை ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போனேன். அவர் கவனிக்கவில்லை. உள்ளங்கைக் காயத்தில் கறி பட்டு எரிந்திருக்கவேண்டும், இடக்கையால் சாப்பிடவும் வெட்கப்பட்டு, மெல்ல மெல்லப் பிசைந்துகொண்டிருந்தார்.

போன வருடம் அவர் படுத்துவிட்டார். நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டு போனேன். பெண்சாதி உடுப்புத் தோய்க்கப் போயிருந்தா. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. புதுக் கண்ணாடி கதிரையில் கிடந்தது. அவருக்கு அதைப் போடவும் சத்தில்லை.

நான் கட்டிலுக்குக் கிட்டக் குனிந்து கேட்டேன். "தலைவரையா, நான் சண்டைக்கு வரல. அவரு கடல்ல போனாரா? இல்ல அந்தக் கரையிலேயே கெடந்தாரா? தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டேன். சத்தியமா கோவிக்க மாட்டேன்."

கூரையைப் பார்த்தார். சூட்சுமம் என்று சொல்லவில்லை. மிதந்தது, தாண்டது என்று ஒரு கதையும் விடவில்லை.

"ஓம்" என்றார்.

எதற்கு ஓம்? போனதற்கா? கிடந்ததற்கா? திரும்பவும் கேட்டேன். "கடல்ல போனாரா?"

"ஓம், தங்கச்சி."

அவ்வளவுதான். இரண்டு நாளில் அவரும் போய்விட்டார்.

நாற்பது வருடம் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்ன மனிதர். அந்த நாற்பது வருடத்தில் ஒரே ஒருநாள், ஒரு கடிதத்துக்கோ ஒரு புழுவுக்கோ, "எனக்குத் தெரியாது தங்கச்சி" என்று சொல்லியிருந்தால் போதும். கடைசியில் சொன்ன அந்த ஓமை நான் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிம்மதியாக இருந்திருப்பேன். மனிதர் தன்னுடைய வாயைத் தானே செல்லாததாக்கி வைத்துவிட்டு, என் புருஷனை அதற்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரை நான் மதித்ததில்லை. இப்போதும் மதிக்கவில்லை. அந்த உரிந்த கையை மட்டும் மறக்க முடியவில்லை.

போதும் பிள்ளை, பேனையை வை. எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டு. முழுக்க வேண்டாம். நான் கஞ்சி கொண்டு போன இடத்திலிருந்து வாசி. அந்த ஓம் வருகிற இடத்தில் மெதுவாக, அவர் சொன்ன மாதிரி, இழுக்காமல் சொல்லு. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

ம். இன்னொரு தரம் வாசி.